என் அம்மா வியாபாரத்துக்கு வரவில்லை: நுழைவுச் சோதனைப் பொறுப்பதிகாரிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பதிகாரி அவர்களுக்கு,

2024 ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை மாலை உங்கள் விமான நிலையம் வழியாக அமெரிக்காவுக்குள் வந்த என் அம்மாவின் ஐ-94 பதிவில் (எந்த வகையில் வந்தார், எதுவரை தங்கலாம் என்று சொல்லும் நுழைவுப் பதிவு), அவர் 'பி-1' வகையில், அதாவது வியாபார நிமித்தம் வந்தவர் என்று இன்றுவரை இருக்கிறது. அவர் வந்தது என்னையும் பேரப்பிள்ளைகளையும் பார்க்க. அதற்குரிய வகை 'பி-2'. இந்த ஓர் எண்ணைத் திருத்தித் தாருங்கள் என்று ஆகஸ்ட் மாதத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். அக்டோபர் 4 அன்று உங்கள் அலுவலகத்திலிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது. விசா பி1/பி2 என்றே இருப்பதாலும், தங்கும் காலம் முடியும் தேதி ஏற்கெனவே சரிசெய்யப்பட்டுவிட்டதாலும், மேல்நடவடிக்கை எதுவும் தேவையில்லையாம். தேவை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

இதன் ஆங்கிலப் படி தனியாக உங்களுக்குத் தபாலில் வருகிறது. தமிழில் எழுதிப் பொதுவில் வைப்பதற்குக் காரணம் உண்டு. அப்பா அம்மாவை இங்கே அழைத்துவரும் எத்தனையோ குடும்பங்கள் இந்தப் பதிவைத் திறந்தே பார்ப்பதில்லை. தமிழ்ப் பள்ளியில் ஒரு தோழி சொல்லியிருக்காவிட்டால் நானும் பார்த்திருக்க மாட்டேன்.

அம்மாவுக்கு 69 வயது. பாளையங்கோட்டைப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 31 வருடம் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். இந்த முறை தனியாக வந்தார். உங்கள் அதிகாரி அவரிடம் கேட்ட கேள்விகளை அன்று இரவே காரில் வரும்போது ஒன்றுவிடாமல் சொன்னார். எதற்கு வந்தீர்கள்? மகள் வீட்டுக்கு. எத்தனை நாள்? ஜனவரி 11 வரை. திரும்பும் டிக்கெட்டைக் காட்டினார். பேத்திக்கு எத்தனை வயது என்றுகூட அவர் கேட்டாராம். நாலு என்று விரலைக் காட்டியதும் சிரித்தாராம். கைரேகை, புகைப்படம், முத்திரை. அவ்வளவுதான். "நல்ல பையன்" என்றார் அம்மா. அந்த அதிகாரி மேல் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி நான் எழுதவுமில்லை.

அந்த முத்திரை பாஸ்போர்ட்டின் 9ஆம் பக்கத்தில் இருக்கிறது. நடுவில் தேதி. மேலே நீல மையில், கையால் எழுதிய பி-2. கீழே 2025 பிப்ரவரி 17. அந்த 2-இன் வாலை இழுத்து, முத்திரையின் ஓரத்தைத் தொடும்படி எழுதியிருக்கிறார். கண்ணாடி இல்லாமல் பார்க்கிறவர்கள்கூட அதை 1 என்று படிக்க முடியாது. ஆறு மாதம் கொடுத்திருக்கிறார், பார்வையாளர் என்று எழுதியிருக்கிறார். அம்மா சொன்னதை அவர் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார். அவர் கை எழுதியது ஒன்று, கணினியில் ஏறியது வேறொன்று.

கணினியில் ஏறியது இது: வகை பி-1. தங்க அனுமதித்த கடைசி நாள் 2024 செப்டம்பர் 17. மொத்தம் 30 நாள்.

அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு நாலு நாள் ஆனது. அம்மாவுக்கு ஒரே பெயர்தான். தமிழ்நாட்டில் அந்தத் தலைமுறையில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலியாக இருக்கிறது. உங்கள் நாட்டு விசாவில் அந்த ஒரே பெயரைக் குடும்பப் பெயராக்கி, முதற்பெயருக்கு 'எஃப்என்யூ' என்று போட்டுவிடுகிறார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரை இட்டுத் தேடினால், பதிவே இல்லை என்றது இணையதளம். மாற்றி இட்டேன், இல்லை. அப்பா பெயரைச் சேர்த்து இட்டேன், இல்லை. கடைசியில் அம்மாவின் பெயருக்கு முன்னால் அந்த மூன்று எழுத்தை இட்டபோதுதான் என் அம்மா இந்த நாட்டுக்குள் வந்திருப்பதாக உங்கள் கணினி ஒப்புக்கொண்டது. ஆகஸ்ட் 24, சனிக்கிழமை காலை. பி-1 என்று பார்த்ததும் முதலில் வேறு யாருடைய பதிவோ என்று நினைத்தேன். பாஸ்போர்ட் எண்ணை இரண்டு முறை சரிபார்த்தேன். அம்மாவுடையதுதான்.

அம்மா என் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார். ஆங்கிலம் அவருக்கு நன்றாக வாசிக்க வரும். "நான் என்ன யாவாரத்துக்கா வந்திருக்கேன்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பையன்ட்ட நான் அப்படி எதுவும் சொல்லலையே" என்றார். அன்றைக்கு முழுவதும் தான் சொன்ன பதில்களை ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார், தவறு தன்னுடையதோ என்று. ஒரு தட்டச்சுப் பிழைதானே என்று இதை நினைக்கும்போது, நீங்கள் இதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்க்கிழமை. லீவு போட்டுவிட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு, இரண்டு மணி நேரம் கார் ஓட்டி உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். நுழைவின்போது நேர்ந்த பிழைகளைத் திருத்துவதற்கென்றே 'டெஃபர்டு இன்ஸ்பெக்ஷன்' என்று ஒரு பிரிவு வைத்திருக்கிறீர்கள். விமான நிலையத்தில் நேர்ந்த பிழைக்குக் கட்டணம் இல்லாமல் அங்கேயே திருத்தம் செய்யலாம் என்று தெரிந்துதான் வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பாஸ்போர்ட்டை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாம் மின்னஞ்சலில்தான் என்று ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். சரி என்று அன்று இரவே அனுப்பினேன்: பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், விசா, முத்திரை உள்ள பக்கம், ஐ-94 அச்சுப்படி, போர்டிங் பாஸ், திரும்பும் டிக்கெட். தானியங்கிப் பதில் ஒன்று வந்தது. அதில் எண் எதுவும் இல்லை. செப்டம்பர் 3-ல் மறுபடி, 9-ல் மறுபடி. 12ஆம் தேதி தொலைபேசியில் 50 நிமிடம் காத்திருந்தேன்; இணைப்பு அறுந்துவிட்டது.

இந்த நாட்களில் வீட்டில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. பதிவில் உள்ள தேதிக்குப் பிறகு ஒரு நாள் தங்கினாலும் அந்த விசா செல்லாததாகிவிடும் என்பது உங்கள் சட்டம். 180 நாளைத் தாண்டிச் சட்டவிரோதமாகத் தங்கினால் 3 வருடம், ஒரு வருடம் ஆகிவிட்டால் 10 வருடம் இந்த நாட்டுக்குள் வர முடியாது. 10 வருடத்தில் அம்மாவுக்கு 79. முத்திரையை நம்பி இருப்பதா, கணினியை நம்பி ஊருக்கு அனுப்பிவிடுவதா? விமான டிக்கெட்டை மாற்ற எவ்வளவு ஆகும் என்று இரவில் பார்ப்பேன், காலையில் மூடிவிடுவேன். தங்கும் காலத்தை நீட்டிக்கும் ஐ-539 படிவத்தைப் போடலாமே என்றார்கள் சிலர். காலாவதிக்குக் குறைந்தது 45 நாள் முன்னதாக அதைப் போடுங்கள் என்று குடியேற்றத் துறையே அறிவுறுத்துகிறது. 30 நாள் மட்டுமே கொடுத்த பதிவை வைத்துக்கொண்டு 45 நாளுக்கு எங்கே போவது? அதோடு, என்ன வியாபாரம் பாக்கி இருப்பதால் நீட்டிப்புக் கேட்கிறார் என்று எழுதுவது? என் அம்மாவைப் பொய்யெழுத வைத்தால்தான் அந்தப் படிவம் நிரம்பும்.

செப்டம்பர் 16, காலாவதிக்கு முந்தின நாள், மாலை ஐந்தரை மணிக்கு உங்கள் மின்னஞ்சல் வந்தது. திருத்தம் செய்யப்பட்டது என்றிருந்தது. அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றார். நான் இணையதளத்தைத் திறந்தேன். தேதி 2025 பிப்ரவரி 17 ஆகியிருந்தது. வகை அப்படியே இருந்தது. பி-1.

பிறகு நான் அனுப்பிய மூன்று மின்னஞ்சல்களுக்குத்தான் அந்த அக்டோபர் 4 பதில்.

விசா பி1/பி2 என்று இரண்டும் சேர்ந்தே இருக்கிறது என்கிறீர்கள். விசா அப்படித்தான் இருக்கும். ஆனால் அது உங்கள் வாசல்வரை வருவதற்கான சீட்டு. உள்ளே விடும்போது இரண்டில் ஒன்றை உங்கள் அதிகாரி தீர்மானித்துப் பதிகிறார். ஒன்றுதான் என்றால் எதற்கு இரண்டு எண்? உங்கள் விதிகளே இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கின்றன. பி-2 என்று அனுமதித்தால் பொதுவாகக் குறைந்தது 6 மாதம் கொடுக்க வேண்டும். பி-1 என்றால் வந்த வேலை முடிய நியாயமாக எவ்வளவு நாள் ஆகுமோ அவ்வளவு. அம்மாவுக்கு 30 நாள் விழுந்தது எதனால் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. வகையை மாற்றி அழுத்தியதில்தான் நாளும் மாறியிருக்கும் என்று நினைக்கிறேன். பிழை எதுவோ அதை விட்டுவிட்டு, அதிலிருந்து முளைத்ததை மட்டும் சரிசெய்திருக்கிறீர்கள்.

அதனால் பதிவு முன்பைவிட மோசமாகியிருக்கிறது. முன்னால் அது, ஒருவர் வியாபாரத்துக்காக ஒரு மாதம் வந்தார் என்றது. தப்பாக இருந்தாலும் தன்னளவில் பொருந்தியது. இப்போது, ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை வியாபாரம் என்று சொல்லி ஆறு மாத அனுமதி வாங்கிக்கொண்டு, எந்த வியாபாரமும் செய்யாமல் மகள் வீட்டில் இருந்துவிட்டுப் போனார் என்று சொல்கிறது. அடுத்த முறை அவர் வரும்போது வேறொரு விமான நிலையத்தில் வேறோர் அதிகாரி இதைத்தான் திரையில் பார்ப்பார். 9ஆம் பக்கத்தில் உள்ள 2-ஐ அவர் தேடிப் பார்ப்பார் என்று எப்படி நம்புவது? நோக்கத்தை மறைத்து நுழைந்தார் என்று ஒருவர் முடிவுகட்டிவிட்டால் வாழ்நாள் தடைவரை போகக்கூடிய சட்டம் இது. அவ்வளவு தூரம் போகாது என்று நீங்கள் சொல்லலாம். போகாது என்று எழுதிக் கொடுப்பீர்களா?

ஜனவரிக்குள் அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவது வந்து பயணம் தள்ளிப்போனால், அதே ஐ-539 படிவத்தில் இப்போதைய வகை என்ன என்று அவர் கையெழுத்திட்டுச் சொல்ல வேண்டும். பி-1 என்றால் உண்மைக்கு மாறு. பி-2 என்றால் உங்கள் பதிவுக்கு மாறு.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. தமிழ்ப் பள்ளியில் இதைச் சொன்னபோது, இன்னொரு பிள்ளையின் அம்மா தன் கதையைச் சொன்னார். கணவர் எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர், இவர் அவரைச் சார்ந்து எச்-4 விசாவில் இருப்பவர். பாஸ்போர்ட்டில் பழைய பார்வையாளர் விசா ஒரு பக்கம், புதிய எச்-4 இன்னொரு பக்கம், இரண்டுமே காலாவதியாகாதவை. அதிகாரி முதலில் கண்ணில் பட்ட பக்கத்தை வைத்துப் பார்வையாளர் என்று பதிந்துவிட்டார். டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோதுதான் அவருக்கே தெரிந்தது. லைசென்ஸ் இல்லாமல் பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவிட அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தாராம், இரண்டு மாதம்.

2011-ல் அம்மாவும் அப்பாவும் முதல் தடவை வந்தபோது வெள்ளை அட்டை ஒன்றைப் பாஸ்போர்ட்டில் பின் அடித்துக் கொடுத்தார்கள். என்ன வகை, எதுவரை இருக்கலாம் என்று அதில் எழுதியிருக்கும். அப்பா அதை வரிசையை விட்டு நகர்வதற்கு முன்பே மூக்குக் கண்ணாடி போட்டுப் படித்தார். வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தார். திரும்பும்போது விமானக் கம்பெனிக்காரர்கள் கிழித்து வாங்கிக்கொண்டார்கள். 2013-ல் விமான நிலையங்களில் அந்த அட்டையை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கணினிக்குக் கொண்டுபோனீர்கள். வேலை எளிதாகியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அப்பாவால் கண்ணால் பார்க்க முடிந்ததை இன்றைக்கு அம்மாவால் பார்க்க முடியவில்லை. தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கவுண்டரைத் தாண்டி வருகிறார். இப்போது பல விமான நிலையங்களில் முத்திரையையும் நிறுத்திவிட்டார்கள். அந்த நீல மை மட்டும் இல்லாமல் போயிருந்தால், 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்பதைத் தவிர அம்மாவின் கையில் வேறு எந்தச் சான்றும் இருந்திருக்காது.

அம்மா இதைப் பற்றி ஒன்று சொன்னார், அதை உங்களிடம் சொல்லச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கைப் பதிவேட்டில் பிழை வந்தால் மேலே அடித்து எழுதக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. பழையது தெரியும்படி சிவப்பு மையில் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, தலைமையாசிரியர் தேதியோடு சுருக்கொப்பம் இட வேண்டும். யார் தப்பு, யார் திருத்தினார், எப்போது என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும். ஒரு தடவை ஒரு பையனின் பிறந்த தேதியைச் சேர்க்கையின்போது யாரோ மாற்றி எழுதிவிட்டார்கள். அவன் பெரியவனாகிப் போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கும்போதுதான் அது தெரிந்தது. வயது போய்விட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவனுடைய அம்மா பள்ளிக்கூடத்து வாசலில் வந்து உட்கார்ந்து அழுததை அம்மா இன்னும் சொல்வார். அதற்குப் பிறகு, வருடா வருடம் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கையின்போது, எழுதியதைப் பெற்றோருக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் பதிவேட்டை மூடுவாராம். எழுத்துத் தெரியாதவர்களுக்கும். ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது என்பார்.

இனி நான் கேட்பவை.

முதலில் என் அம்மாவின் பதிவு. வகையை பி-2 என்று, இன்றைய தேதியிலிருந்து அல்ல, 2024 ஆகஸ்ட் 18 முதலே செல்லும்படி திருத்துங்கள். பிழை நுழைவின்போது உங்கள் தரப்பில் நேர்ந்தது, பயணி தவறான தகவல் எதுவும் தரவில்லை என்று உங்கள் அலுவலகத் தாளில், கையெழுத்தோடு ஒரு கடிதம் கொடுங்கள். அந்தக் குறிப்பு பதிவிலும் ஏற வேண்டும். அடுத்த அதிகாரி பார்ப்பது பதிவைத்தான், எங்கள் பெட்டியில் இருக்கும் கடிதத்தை அல்ல.

திருத்தம் கேட்டு வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு மனு எண் கொடுங்கள். எத்தனை நாளுக்குள் பதில் தருவீர்கள் என்று சொல்லுங்கள். தங்கும் காலம் முடிய 30 நாளுக்குக் குறைவாக இருப்பவர்களின் மனுவை முதலில் எடுங்கள். அதுவரை பாஸ்போர்ட்டில் உங்கள் அதிகாரி எழுதிய முத்திரையே செல்லும் என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். நேரில் வருகிறவரின் பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். அன்று அந்தப் பக்கத்தைப் புரட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் இது முடிந்திருக்கும்.

கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்னால் வகையும் தேதியும் அச்சிட்ட ஒரு சீட்டைப் பயணியின் கையில் கொடுங்கள். கடைச் சாமானுக்கு ரசீது தருகிற நாட்டில் இது முடியாத காரியம் இல்லை. உங்கள் நிலையம் மட்டும் முடிவெடுக்க இயலாது என்றால், இந்தக் கோரிக்கையை உங்கள் குறிப்போடு மேலிடத்துக்கு அனுப்பி, அனுப்பியதை எனக்குத் தெரிவியுங்கள். ஒற்றைப் பெயர் உள்ளவர்கள் பாஸ்போர்ட்டில் உள்ளபடி தேடினாலே பதிவு கிடைக்கும்படி செய்யச் சொல்லியும் அதில் சேர்த்து எழுதுங்கள்.

அம்மா ஜனவரி 11 அன்று கிளம்புகிறார். போன பிறகு உங்கள் கண்ணாடிக்கு முன்னால் வந்து நிற்க அவர் இங்கே இருக்க மாட்டார். ஆகவே திருத்திய பதிவும் கடிதமும் டிசம்பர் 1-க்குள் வேண்டும். முத்திரைப் பக்கத்தின் பெரிதாக்கிய படம், இரண்டு ஐ-94 அச்சுப்படிகள் (ஆகஸ்ட் 24-ல் எடுத்தது, செப்டம்பர் 16-ல் எடுத்தது), நான் அனுப்பிய 6 மின்னஞ்சல்கள், உங்கள் 2 பதில்கள், எல்லாவற்றையும் ஆங்கிலப் படியோடு இணைத்திருக்கிறேன். நேரில் வரச் சொன்னால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு எந்த நாளும் வருகிறேன்.

இப்படிக்கு,
அந்தப் பயணியின் மகள்
2024 அக்டோபர்